தாத்தாவுக்குக் கேழ்வரகு, பேரனுக்கு யானை

முதுமலை புலிகள் காப்பகத்திலுள்ள தெப்பக்காடு முகாமில், காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிறார்கள். குழந்தைகள் வாய் பிளந்து யானையைப் பார்க்கிறார்கள். பெரியவர்களின் கண் உருண்டை மேலேயே இருக்கிறது. கேழ்வரகு, கொள்ளு, அரிசியை வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பாகன் ஊட்டுகிறார். பரண் மேல் ராத்திரியெல்லாம் தகரம் தட்டி யானை விரட்டிய விவசாயிக்கு, அதே கேழ்வரகை அது சாதுவாக வாங்கித் தின்பது நம்ப முடியாத காட்சி. ஒரே ராத்திரியில் போன வெள்ளாமைக் கணக்கைப் பேரனிடம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இளவட்டங்களுக்கு இது போதாது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, காட்டு யானையோடு செல்ஃபி எடுக்க இறங்குகிறார்கள். முகாம் யானை வேறு, காட்டு யானை வேறு. இறங்கினால் அபராதம் உண்டு. அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம். மானுக்கும் குரங்குக்கும் தீனி போடுவதும் கூடாது.

காட்டுக்குள் சுற்றிப் பார்க்க வனத்துறை வாகனத்தில்தான் போக முடியும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ள பெரியவர்களோடு வருபவர்கள், தூரம் கூடினாலும் கூடலூர் வழியாக வருவதே நல்லது. கோடையில் காட்டுத்தீ பயத்தால் பூங்காவை மூடுவதும் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.