பிக்-அப் வேனில் 'தும் தும்' பாட்டு செட்: ஆம்ப்ளிபயர், சப்-ஊபர் மாட்டும் முன் டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஒட்டன்சத்திரம்:

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்கு லோடு ஏற்றிச் செல்லும் பிக்-அப் வேன், 'குட்டி யானை' டிரைவர்களுக்கு ராத்திரி தூக்கத்தை விரட்டும் துணை பாட்டுதான். கம்பெனியில் இருந்து வரும் சின்ன ஸ்பீக்கர் டீசல் என்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போவதால், தனியாக ஆம்ப்ளிபயரும் சப்-ஊபரும் வாங்கி மாட்டுகிறார்கள்.

மாட்டுவது தப்பில்லை. ஆனால் தப்பாக மாட்டினால் பேட்டரி படுத்துவிடும், செட்டு புகைந்துவிடும். சில நேரம் கேபினே தீப்பிடித்து, தவணை கட்டி முடியாத வண்டி கண் முன்னாலேயே எரிந்து போகும். இந்த வேலையில் எதைப் பார்க்க வேண்டும், எங்கே ஏமாறக்கூடாது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

கேபினில் இடம் எங்கே?

காரில் டிக்கி இருக்கிறது. பிக்-அப்பில் சீட்டுக்கு பின்னால் சில அங்குலம்தான் இடம். அதில் பெரிய பெட்டியை திணித்தால் சீட் முன்னால் தள்ளப்பட்டு செங்குத்தாக நிமிர்ந்து விடும். அப்படியே பாலக்காடு வரைக்கும் போய் வந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

சீட்டுக்கு அடியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது வண்டியை பொறுத்தது. 2005-ல் வந்த டாட்டா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகளில் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின் இருக்கிறது. அங்கே ஆம்ப்ளிபயரை வைத்தால் சூட்டிலேயே செத்துப்போகும். என்ஜின் வேலைக்கு சீட்டை தூக்கும்போது வயரும் அறுந்து போகும்.

மஹிந்திரா பொலிரோ பிக்-அப்பில் என்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருப்பதால் அந்த தொல்லை இல்லை. பொலிரோ கேம்பர் போல பின் சீட் உள்ள டபுள் கேபின் வண்டி என்றால் இன்னும் வசதி.

சிங்கிள் கேபின் வண்டிக்கு ஏற்றது 2 வகை. ஒன்று, ஆம்ப்ளிபயர் உள்ளேயே சேர்ந்து வரும் தட்டையான 'அண்டர் சீட்' சப்-ஊபர். பெரும்பாலும் 8 அங்குலம். இன்னொன்று, ஆழம் குறைந்த 'ஸ்லிம்' ஊபரை போட்டு சீட்டுக்கு பின்னால் நிற்கும் மெல்லிய பெட்டி.

'8 அங்குலம் போதுமா?' என்று சந்தேகம் வரும். தாராளமாக போதும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்தின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். பிக்-அப் கேபின் அதைவிட ரொம்ப சின்னது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றழுத்தம் உள்ளேயே அடைபட்டு, பேஸ் தானாக கூடிக் கேட்கும். திருமண மண்டபத்தில் காணாமல் போகிற சின்ன ஊபர், பிக்-அப் கேபினில் நெஞ்சை தட்டுவது இதனால்தான்.

ஸ்டிக்கர் வாட்ஸை நம்பாதீங்க

கடையில் பெட்டி மேல் '1200 வாட்ஸ்', '3000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கண நேரம் எட்டும் உச்சகட்ட கணக்கு. தொடர்ந்து தாங்கும் சக்தி 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் ஆம்ப்ளிபயரின் பக்கவாட்டில் சொருகி இருக்கும் பியூசை பாருங்கள். அது பொய் சொல்லாது. 30 ஆம்பியர் பியூஸ் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது வரும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட்ஸ். அந்த பெட்டி பேட்டரியில் இருந்து இழுக்கக்கூடியதே அவ்வளவுதான்.

அதிலும் பாதி சூடாக போய்விடும். பழைய 'ஏபி' வகை ஆம்ப்ளிபயர் என்றால் 200 முதல் 250 வாட்ஸ் வெளியே வரும். 'டி' வகை என்றால் 330 வாட்ஸ் வரை வரலாம். 30 ஆம்பியர் பியூஸ் போட்ட பெட்டியை '3000 வாட்ஸ்' என்று விற்றால், அது ஏமாற்று வேலை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேபினுக்கு 150 முதல் 250 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். போதும். 'டி' வகை வாங்கினால் சூடும் குறைவு, கரண்டும் மிச்சம்.

12 வோல்ட் என்றால் ஆபத்து இல்லையா?

'12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே' என்ற அலட்சியம்தான் பெரிய ஆபத்து. வீட்டில் 230 வோல்ட்டில் 600 வாட்ஸ் மிக்சி ஓடினால் 3 ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான் வயரில் போகும். அதே 600 வாட்சை 12 வோல்ட்டில் இழுத்தால் 50 ஆம்பியர். வீட்டு சுவிட்சுக்கு போடும் மெல்லிய வயர் இதற்கு தாங்காது, உருகிவிடும்.

ஆம்ப்ளிபயருக்கு வயர் பேட்டரியில் இருந்து நேராக வர வேண்டும். சிகரெட் லைட்டர் வயரிலோ, பழைய செட்டு வயரிலோ கொக்கி போடக்கூடாது. 40 ஆம்பியர் வரை 10 ஸ்கொயர் எம்.எம்., 60 ஆம்பியர் வரை 16 ஸ்கொயர் எம்.எம்., 100 ஆம்பியர் வரை 25 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போடலாம்.

இங்கேயும் ஒரு ஏமாற்று இருக்கிறது. அலுமினிய கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசி, செம்பு வயர் போலவே விற்கிறார்கள். பிளேடால் ஒரு இழையை சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக தெரிந்தால் அலுமினியம். விலை குறைவு என்று அதை வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும்.

உயிரை காக்கும் பியூஸ்

இந்த வேலையிலேயே முக்கியமானது, பேட்டரிக்கு பக்கத்தில் போடும் மெயின் பியூஸ். பேட்டரி பிளஸ்சில் இருந்து ஒன்றரை அடிக்குள் இது இருக்க வேண்டும். ஆம்ப்ளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த பியூஸ் ஆம்ப்ளிபயரை காப்பாற்றும். நடுவில் ஓடும் வயரை காப்பாற்றாது.

தீ எப்படி பிடிக்கிறது? வயர், தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக கேபினுக்குள் வருகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி அதிர அதிர, தகரத்தின் கூர்மையான விளிம்பு வயர் தோலை கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. ஒருநாள் செம்பு தகரத்தில் தொடுகிறது. வண்டி பாடி முழுக்க மைனஸ் என்பதால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டுகிறது. வயர் பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் மேட், சீட் பஞ்சு எல்லாம் பற்றிக்கொள்கிறது.

சாவியை திருப்பி ஆப் செய்தாலும் இது நிற்காது. வயர் பேட்டரியில் இருந்து நேராக வருவதால் சாவிக்கு அதில் வேலையே இல்லை. டிரைவர் டீ குடிக்க போயிருக்கும்போது, ஆப் செய்து நிறுத்திய வண்டியும் எரியலாம். மெயின் பியூஸ் இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது அறுந்து கதை முடிந்துவிடும். சில நூறு ரூபாய் சாமான், பல லட்ச ரூபாய் வண்டியை காப்பாற்றுகிறது.

ஓட்டையில் கண்டிப்பாக ரப்பர் புஷ் போட வேண்டும். பேட்டரி சேசிஸ் பக்கம் வெளியே இருக்கும் வண்டிகளில் வயர் சேறு, தண்ணீர், கல் எல்லாம் படும் இடத்தில் ஓடும். அதற்கு மடங்கும் பிளாஸ்டிக் பைப்புக்குள் வயரை விட்டு, சைலன்சர் பக்கம் போகாமல் கட்ட வேண்டும். பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பேப்பர் சுற்றுவதும் தற்கொலைக்கு சமம். எங்கே உரசுகிறது என்றுதான் தேட வேண்டும்.

எர்த் சரியில்லைன்னா எல்லாம் வேஸ்ட்

மைனஸ் வயரும் பிளஸ் வயர் அளவு தடிமன் இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்குள் கேபின் தகரத்தில், பெயிண்டை சுரண்டிவிட்டு, லக் வைத்து போல்ட்டில் முறுக்க வேண்டும். பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கினால் சத்தம் விட்டு விட்டு வரும், இணைப்பு சூடாகும்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று சத்தம் ஏறினால், பெரும்பாலும் எர்த் கோளாறு. செட்டில் இருந்து வரும் பாட்டு வயரையும், பேட்டரி வயரையும் ஒன்றாக கட்டினாலும் இந்த தொல்லை வரும். ஒன்றை இடது பக்கமும், இன்னொன்றை வலது பக்கமும் கொண்டு வர வேண்டும்.

தரையில் ஸ்குரூ அடிக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்க்க வேண்டும். பிரேக் பைப், டீசல் பைப் அந்தப் பக்கம் போகலாம். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். முடித்த பிறகு கடைசியாக மாட்ட வேண்டும்.

காலையில் செல்ப் எடுக்கலையா?

ஆம்ப்ளிபயரில் 'ரிமோட்' என்று ஒரு சின்ன வயர் உண்டு. செட்டை ஆன் செய்தால் ஆம்ப்ளிபயரை எழுப்பும் வயர் இதுதான். பெரும்பாலும் செட்டில் நீல நிறத்தில், வெள்ளை கோடு போட்டு இருக்கும். அவசரத்தில் இதை நேராக பிளஸ்சில் கொடுத்துவிட்டால் ஆம்ப்ளிபயர் இரவு பகலாக தூங்காமல் கரண்டை உறிஞ்சும்.

லோடுக்கு காத்திருக்கும்போது என்ஜினை நிறுத்திவிட்டு பாட்டு கேட்பதும் பேட்டரிக்கு எமன்தான். உதாரணத்துக்கு 65 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. செட்டும் ஆம்ப்ளிபயரும் சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால், 3 மணி நேரத்தில் பாதி காலி. டீசல் என்ஜினை சுழற்ற நிறைய கரண்ட் வேண்டும். பேட்டரி கொஞ்சம் பழசு என்றால் அதற்கு முன்பே செல்ப் 'டிக்' என்று நின்றுவிடும். லோடு ஏற்றிய வண்டியை தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் தேட வேண்டியதுதான். தக்காளி அழுகினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டி ஓடும்போது கரண்ட் தருவது ஆல்டர்னேட்டர். டிரைவர்கள் பாஷையில் 'டைனமோ'. அதன் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ராத்திரி 2 ஹாலஜன் ஹெட்லைட்டுக்கே 10 ஆம்பியர் வரை போகிறது. வைப்பர், ஹாரன் எல்லாம் தனி. பாட்டு அதிரும்போது ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தால் தாங்கவில்லை என்று அர்த்தம். வால்யூமை குறைக்க வேண்டும், அல்லது சின்ன ஆம்ப்ளிபயருக்கு மாற வேண்டும்.

இன்னொன்று, பிக்-அப், குட்டி யானை எல்லாம் 12 வோல்ட். பெரிய லாரிகள் 24 வோல்ட். பிக்-அப் செட்டை அப்படியே லாரியில் மாட்டினால் புகைதான் வரும். வோல்ட்டை குறைக்கும் கன்வெர்ட்டர் கண்டிப்பாக வேண்டும்.

பெட்டியை போல்ட் போடுங்க

10 முதல் 15 கிலோ எடையுள்ள பெட்டியை சும்மா சொருகி வைத்தால், சடன் பிரேக் அடிக்கும்போது தலைக்கு பின்னால் இருந்து பறந்து வரும். தகரத்தில் போல்ட் போட்டு கட்ட வேண்டும். ஜாக்கி, ஸ்பானர், முதலுதவி பெட்டி எடுக்கும் வழியை அடைக்கக்கூடாது. ஆம்ப்ளிபயரை ஊபர் பெட்டி மேலேயே அடித்தால் அதிர்வில் உள்ளே ஈயம் விட்டுப்போகும். அதை சுற்றி 2 அங்குலம் காற்று போக இடமும் வேண்டும்.

2 ஊபர் மாட்டுபவர்கள் 'ஓம்' கணக்கு பார்க்க வேண்டும். 4 ஓம் ஊபர் இரண்டை பக்கத்து பக்கமாக சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓம்தான் தாங்கும் என்று எழுதிய ஆம்ப்ளிபயரில் இப்படி மாட்டினால் சூடாகி, அடிக்கடி ஆப் ஆகும்.

'கெயின்' என்ற திருகு வால்யூம் இல்லை. அதை முழுக்க திருகினால் பாட்டு கிழிந்து, ஊபர் காயில் கருகும். செட்டின் வால்யூமை முக்கால்வாசி வைத்து, சத்தம் கிழியும் இடம் வரை கெயினை ஏற்றி, கொஞ்சம் பின்னால் திருப்பினால் போதும். 'லோ பாஸ்' திருகை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைக்கலாம்.

காதும் முக்கியம், கேசும் வரும்

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது காது பாதுகாப்பு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாக குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். தினமும் 6 மணி நேரம் அலற விட்டு ஓட்டினால், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரன் மட்டுமல்ல, நாளடைவில் வீட்டில் பிள்ளைகள் கூப்பிடுவதும் கேட்காது.

ஒலி மாசு விதிகள்-2000 படி, குடியிருப்பு பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டை சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். மோட்டார் வாகன சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, சத்த கட்டுப்பாட்டு அளவை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறையே ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் கிடைக்கலாம். 3 மாதம் லைசென்சும் போகும். லைசென்சை நம்பி சோறு சாப்பிடுபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

புது வண்டி என்றால் கம்பெனி வயரிங்கை வெட்டி ஒட்டாமல், அதற்கென உள்ள சாக்கெட் வாங்கி மாட்டுவது நல்லது. வெட்டினால் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரண்டி கேட்கும்போது சிக்கல் வரும். வெளியே வாங்கி மாட்டிய செட்டை கூடுதல் பிரீமியம் கட்டி இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்கவும் வழி உண்டு.

வேலை முடிந்து கடையை விட்டு கிளம்பும் முன் 4 விஷயம் பாருங்கள். பேட்டரி பக்கத்தில் மெயின் பியூஸ் இருக்கிறதா? ஓட்டையில் ரப்பர் புஷ் இருக்கிறதா? சாவியை எடுத்ததும் ஆம்ப்ளிபயர் லைட் அணைகிறதா? அரை மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு வயரை தொட்டால் சுடாமல் இருக்கிறதா? நான்கில் ஒன்று இல்லையென்றாலும், சரிசெய்யச் சொன்ன பிறகு காசு கொடுங்கள்.