அமெரிக்கக் கல்லூரி உணவுத் திட்டம்

அமெரிக்கக் கல்லூரி உணவுத் திட்டம் என்பது ஒரு பருவத்தில் (செமஸ்டர்) உண்ணப்போகும் உணவுக்கு மாணவர் முன்கூட்டியே பணம் கட்டும் ஏற்பாடாகும். பணம் கட்டியவரின் அடையாள அட்டையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேளைகள் ஏற்றப்படும். உணவுக்கூட வாயிலில் அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வேளை கழியும். மாணவர்கள் இதை 'ஸ்வைப்' என்பர். பெரும்பாலான உணவுக்கூடங்களில் உள்ளே சென்றபின் வேண்டிய அளவு உண்ணலாம். ஒரு கோப்பை காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தாலும் ஒரு முழு வேளை கழிந்துவிடும்.

வாங்கிய வேளைகளை உண்ணாமல் விட்டால் அதற்கான பணம் பொதுவாகத் திரும்ப வராது. ஆகவே கட்டிய தொகையை உண்மையில் உண்ட வேளைகளால் வகுத்து வருவதே ஒரு திட்டத்தின் சரியான விலையாகும்.

கட்டாயமும் விருப்பமும்

பல கல்லூரிகளில் வளாக விடுதியில் தங்கும் இளங்கலை மாணவர்கள், குறிப்பாக முதலாண்டு மாணவர்கள், ஏதேனும் ஓர் உணவுத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். ஹார்வர்டு கல்லூரியில் விடுதி மாணவர் அனைவருக்கும் வரம்பற்ற திட்டம் ஒன்றே உள்ளது. கட்டாயம் புதிதன்று. 1766-இல் ஹார்வர்டு மாணவர்கள் கெட்டுப்போன வெண்ணெய் பரிமாறப்பட்டதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். அக்காலத்திலும் அவர்கள் கல்லூரிப் பொதுக்கூடத்திலேயே உண்ண வேண்டியிருந்தது.

வளாகத்துக்கு வெளியே வீடெடுத்துத் தங்குவோருக்குப் பெரும்பாலும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்கச் செல்வோரில் பலர் நண்பர்களுடன் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்துக்கொள்கின்றனர். அத்தகையோர் பெரிய திட்டம் வாங்குவது வீண். வகுப்பு நாள்களின் மதிய உணவுக்கு மட்டும் போதுமான சிறு திட்டம் இருந்தால் அதைக் கருதலாம்.

திட்ட வகைகள்

வரம்பற்ற திட்டம்: கூடம் திறந்திருக்கும் நேரத்தில் எத்தனை முறையும் செல்லலாம். விலை மிகுதி. மூன்று வேளையும் வளாகத்திலேயே உண்பவருக்கும், கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கும் ஏற்றது.

வாரத் திட்டம்: வாரத்துக்கு 10, 14, 19 என வேளைகள் கிடைக்கும். பல இடங்களில் வார இறுதியில் மீதம் அழிந்துவிடும்.

தொகுப்புத் திட்டம்: பருவம் முழுமைக்கும் 100, 150 என வேளைகள் தரப்படும். விருப்பம்போல் பிரித்துச் செலவிடலாம்.

உணவுப் பணம்: 'டைனிங் டாலர்', 'ஃப்ளெக்ஸ் டாலர்' போன்ற பெயர்களில் திட்டத்துடன் சேர்த்துத் தரப்படும் தொகை. வளாகக் கடைகளில் காப்பி, ரொட்டி, பழம் போன்றவற்றை வாங்கப் பயன்படும்.

கணக்கிடும் முறை

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். பருவம் 15 வாரம் எனக் கொள்வோம். வாரம் 14 வேளைத் திட்டத்தின் விலை 2,730 டாலர். மொத்தம் 210 வேளை. ஒரு வேளைக்கு 13 டாலர். 150 வேளைத் தொகுப்பின் விலை 2,250 டாலர். ஒரு வேளைக்கு 15 டாலர். பார்த்த அளவில் பெரிய திட்டமே மலிவாகத் தோன்றும்.

ஆனால் மாணவர் வாரத்துக்கு 10 வேளைதான் உண்கிறார் என்றால், 150 வேளைக்கு 2,730 டாலர் கட்டியவராகிறார். ஒரு வேளை 18 டாலர் 20 சென்ட் ஆகிவிடுகிறது.

இரு திட்டங்களுக்குமான வேறுபாடு 480 டாலர். வாயிலில் பணம் கொடுத்து உண்டால் ஒரு வேளைக்கு 16 டாலர் என்றால், 480 டாலருக்கு 30 வேளை கிடைக்கும். ஆகவே பருவத்தில் 180 வேளைக்கு மேல், அதாவது வாரம் 12 வேளைக்கு மேல் உண்பவருக்கே பெரிய திட்டம் ஆதாயம். அதற்குக் குறைவாக உண்பவர் சிறிய திட்டத்தை வாங்கி, பற்றாக்குறைக்கு வாயிலில் பணம் கொடுப்பது நல்லது. தம் கல்லூரியின் விலைகளை இதே முறையில் இட்டுப் பார்க்கலாம்.

எத்தனை வேளை உண்போம் என்பதை ஆசையைக் கொண்டு அன்றி, பழக்கத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும். வீட்டில் காலை உணவைத் தவிர்த்தவர், எட்டு மணி வகுப்பு இருக்கும் நாளில் விடுதியிலிருந்து உணவுக்கூடத்துக்கு நடப்பார் என எதிர்பார்க்க இயலாது.

காலாவதியும் விடுமுறையும்

மீதம் எப்போது அழிகிறது என்பது விலையளவுக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் இரு வகையையும் வழங்கி வந்தது. அதன் 'ரெகுலர்' திட்டத்தில் மீதம் வார இறுதியில் அழியும். 'பிரீமியர்' திட்டத்தில் காலாண்டு முடிவு வரை தொடரும். வாரத்துக்கு வாரம் மாறி உண்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. 14 வேளை வாரத் திட்டத்தில் ஒரு வாரம் 17, மறு வாரம் 7 என உண்ண விரும்புபவர், முதல் வாரம் 3 வேளைக்குத் தனியாகப் பணம் கட்டி, அடுத்த வாரம் 7 வேளையை இழக்கிறார்.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாள், குளிர்கால விடுமுறை, வசந்தகால விடுமுறை ஆகியவற்றில் பல உணவுக்கூடங்கள் மூடப்படும். ஊருக்குத் திரும்ப இயலாத வெளிநாட்டு மாணவர்களுக்கு இதுவே கடினமான காலம். அந்நாள்களில் எந்தக் கூடம் திறந்திருக்கும், விடுதியில் சமையலறை உண்டா என்பவற்றை முன்னரே கேட்டறிய வேண்டும்.

சைவ உணவும் ஒவ்வாமையும்

இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாத உணவெல்லாம் சைவமன்று. காய்கறிச் சூப்பில் கோழிச் சாறும், வேகவைத்த பீன்சில் பன்றிக் கொழுப்பும், இனிப்புகளில் ஜெலட்டினும் சேர்ந்திருக்கலாம். ஒவ்வோர் உணவின் முன்னும் வைக்கப்படும் குறிப்பட்டையைப் படிப்பதும், ஐயமிருந்தால் சமையலரைக் கேட்பதும் தேவை. வட டெக்சஸ் பல்கலைக்கழகம் 2011-இல் முழுவதும் தாவர உணவே வழங்கும் உணவுக்கூடத்தைத் திறந்தது. இத்தகைய வசதி எல்லா இடங்களிலும் கிடையாது. எனவே சைவ உணவு உண்போர் திட்டம் வாங்கும் முன், இணையத்தில் வெளியிடப்படும் ஒரு வார உணவுப் பட்டியலையாவது பார்ப்பது நன்று.

ஒவ்வாமை உடையோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டனை ஏற்காத சீலியாக் நோய் உள்ளிட்ட சிக்கல்களை உடைய மாணவர்கள் தொடர்பாக, 2012 டிசம்பரில் லெஸ்லி பல்கலைக்கழகம் அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்துடன் உடன்பாடு செய்தது. கட்டாயத் திட்டத்தில் பணம் வாங்கும் கல்லூரி, அவர்கள் உண்ணத்தக்க உணவையும் தர வேண்டும் என்பதே இதன் சாரம். தம் நிலையை மருத்துவச் சான்றுடன் மாற்றுத்திறனாளி உதவி அலுவலகத்தில் தெரிவித்தால் தனி உணவோ, திட்டத்திலிருந்து விலக்கோ கிடைக்க வாய்ப்புண்டு.

கடனும் உதவியும்

உணவுத் திட்டக் கட்டணம் கல்விச் செலவின் பகுதியாகக் கணக்கிடப்படுவதால் மாணவர் கடனிலிருந்தும் அதைச் செலுத்தலாம். அவ்வாறு செலுத்துபவர் உண்ணாத வேளைக்கும் சேர்த்துப் பின்னாளில் வட்டி கட்டுகிறார்.

குறைந்த வருமானமுள்ள அமெரிக்க மாணவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. தம் உணவில் பாதிக்கு மேல் கல்லூரித் திட்டத்திலிருந்து பெறுவோர், 'ஸ்னாப்' எனப்படும் அரசு உணவு உதவியைப் பொதுவாகப் பெற இயலாது. மாணவர் விசாவில் உள்ளோர் அவ்வுதவிக்குத் தகுதியற்றவர்கள்.

ஒருவரின் வேளை வீணாகும் அதே வளாகத்தில் இன்னொருவர் பசியோடு இருப்பதும் உண்டு. 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' என்னும் அமைப்பு 2010-இல் லாஸ் ஏஞ்சலிசில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, மீதமாகும் வேளைகளைத் தேவைப்படுவோருக்குச் சேர்க்கும் வழியைப் பல கல்லூரிகளுக்குப் பரப்பியது. கையில் பணமின்றித் திட்டமும் தீர்ந்துவிட்ட மாணவர், வளாக உணவு வங்கியையும் மாணவர் நல அலுவலகத்தையும் தயங்காமல் அணுகலாம்.

திட்டத்தை மாற்றுதல்

பல கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் திட்டத்தை மாற்றக் குறுகிய அவகாசம் தருகின்றன. அவகாசம் முடிந்தபின் திட்டத்தைக் கூட்ட முடிந்தாலும் குறைக்க முடிவதில்லை. எனவே கட்டாய விதிக்கு உட்பட்டு, அனுமதிக்கப்படும் சிறிய திட்டத்தில் தொடங்கி, முதல் வாரத்தில் உண்ட வேளைகளை எண்ணிக் குறித்து, அவகாசம் முடியும் முன் தேவையெனில் கூட்டிக்கொள்வது இழப்பைக் குறைக்கும்.