விழக் கற்றுக்கொடுத்த ஆசான்



மும்பையிலோ, பெங்களூருவிலோ, டில்லியிலோ வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பாத வீடு இன்று குறைவு. வெள்ளைச் சீருடையும் இடுப்பில் பட்டையுமாகப் பிள்ளை புறப்படும்போது பெற்றோரின் உள்ளத்தில் இருப்பது ஒரே எண்ணந்தான்: அந்நிய ஊரில் நம் பிள்ளையை எவரும் அடித்துவிடக் கூடாது. நியாயமான எண்ணமே அது. ஆனால் அந்தச் சீருடைக்கும் கறுப்புப் பட்டைக்கும் மூலகாரணராயிருந்த மனிதர் யார் என்பதையும், அவர் எதற்காக இக்கலையைக் கற்றார், கற்றபின் அதை என்ன செய்தார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

அவர் பெயர் ஜிகோரோ கானோ. ஜப்பானின் கோபே நகருக்கருகே மிகாகே என்னும் ஊரில் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பின்பு தந்தையோடு சொந்த ஊரைவிட்டுத் தலைநகரான டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர், உடலிலோ மெலிந்தவர். வளர்ந்து ஆளான பின்னும் அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலமே. விடுதிப் பள்ளியில் பலசாலிகளான மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் புதிய ஊரின் பள்ளியில் இந்த வேதனையை மௌனமாய்ச் சுமக்கிறார்களோ, நாம் அறியோம்!

மெலிந்தவனும் பலசாலியை வெல்லக்கூடிய கலை ஒன்று உண்டு, அதன் பெயர் ஜுஜுட்சு என்று கானோ கேள்விப்பட்டார். ஆனால் போர்வீரர் மரபு மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில் அக்கலை மதிப்பிழந்து கிடந்தது. அதன் ஆசான்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்துவந்தனர். ஆகவே கானோ அத்தகைய வைத்தியர்களைத் தேடி அலைந்து, 1877-இல் ஃபுகுடா ஹச்சினோசுகே என்பவரிடம் மாணாக்கரானார். அங்கே தம்மைவிட மிகவும் பருத்த ஒரு சக மாணவரைத் தள்ளி வீழ்த்த முடியாமல் பலமுறை தோற்றார். ஆயினும் மனந்தளராமல் மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியைத் தோளின்மேல் ஏற்றி எறியும் ஒரு முறையைக் கண்டுபிடித்து, முடிவில் அவரை வீழ்த்தினார்.

அடிபட்டவன் அடிக்கக் கற்றுக்கொண்டான் என்பதோடு இக்கதை முடிந்திருந்தால் அதில் நமக்குப் பாடம் அதிகமில்லை. அதன் பின்பு நடந்ததே முக்கியமானது.

1882-இல், இருபத்திரண்டு வயது நிரம்பாத கானோ, டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரிக்கத்தக்க ஓர் அறையில், ஒன்பது மாணவருடன் ‘கொடோக்கன்’ என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். தாம் கற்ற முறைகளைச் சோதித்து, உயிருக்கு ஆபத்தானவற்றை மாணவரின் பயிற்சிப் போட்டியிலிருந்து விலக்கினார். ஜுஜுட்சு என்பதன் ஈற்றிலுள்ள சொல் வித்தையைக் குறிக்கும். அதை நீக்கி, ‘வழி’ என்று பொருள்படும் ‘டோ’வைச் சேர்த்து, ‘ஜூடோ’ என்று பெயரிட்டார். புதிதாய்ச் சேரும் மாணவன் அங்கே முதன்முதல் கற்பது எறிவதையல்ல, காயமின்றி விழுவதை! விழத் தெரிந்தவனே அஞ்சாமல் எழுவான். விழுவதன் வலியை அறிந்தவனே பிறனை எறியும்போது நிதானம் காப்பான்.

1889 முதல் 1891 வரை ஐரோப்பாவில் கல்விமுறைகளை ஆராய்ந்துவிட்டு அவர் கப்பலில் திரும்புகையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. வாட்டசாட்டமான ஒரு ரஷ்ய அதிகாரி அவரைச் சோதிக்க முற்பட்டபோது, கானோ அவரை எறிந்தார். ஆனால் அவருடைய தலை தளத்தில் மோதாதபடி தம் கையால் தாங்கிக்கொண்டார். எறிகிற கையே தாங்குகிற கையாகவும் இருந்தது. போராளி ஆசானாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமோ?

அவர் தொழிலாலும் ஆசிரியரே. டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல்லாண்டுகள் தலைவராயிருந்தார். சீனத்திலிருந்து வந்த மாணவருக்கென்று அவர் நடத்திய பள்ளியில், பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் பயின்றார். பெண்களுக்கும் 1893 முதலே ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். ஒக்கினாவாவிலிருந்து 1922-இல் ஃபுனகோஷி என்னும் கராத்தே ஆசான் டோக்கியோவுக்கு வந்தபோது, அவரைப் போட்டியாளராக எண்ணாமல், தம் கொடோக்கனுக்கே அழைத்துச் செயல்விளக்கம் செய்யவைத்தார். கானோ ஏற்படுத்திய தரவரிசையும் கறுப்புப் பட்டையும் வெள்ளைச் சீருடையும் கராத்தேக்குள் புகுந்தது இவ்வாறே.

1909-இல் ஆசியாவிலிருந்து முதல் உறுப்பினராக அவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார். 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பானின் முதல் வீரர்கள் இருவரை அழைத்துச் சென்றார். 1940-ஆம் ஆண்டுப் போட்டிகளை டோக்கியோவுக்குப் பெற்றுத்தர உழைத்து, 1938-இல் கெய்ரோவில் நடந்த கூட்டத்தை முடித்துத் திரும்புகையில், மே 4-ஆம் தேதி கப்பலிலேயே காலமானார். அடுத்த சில மாதங்களில், சீனத்தோடு நடந்த போரின் காரணமாக ஜப்பான் அப்போட்டிகளைக் கைவிட்டது. அவருடைய ஜூடோ ஒலிம்பிக் மேடையேறியது 1964-இல், அதே டோக்கியோவில். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

நம் நாட்டுக்கும் அவ்விதை வந்தது. 1929-இல் ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பின்பேரில், கொடோக்கனில் பயின்ற தகாகாக்கி ஷின்சோ சாந்திநிகேதனுக்கு வந்து, மாணவருக்கும் மாணவியருக்கும் இக்கலையைக் கற்பித்தார்.

கானோ தம் கலையின் சாரத்தை இரண்டு கொள்கைகளில் அடக்கினார்: ஆற்றலை வீணாக்காமல் மிக நல்ல பயனுக்குச் செலவிடுதல், தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல். பாயின்மேல் எதிரே நிற்பவன் பகைவனல்லன். அவனின்றி நான் கற்க முடியாது என்பதே இரண்டாவது கொள்கையின் உட்பொருள்.

ஆகையால், அருமையான பெற்றோரே, அடுத்தமுறை வகுப்பு வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது சற்று உள்ளே கவனியுங்கள். அங்கே விழுவதற்குக் கற்றுக்கொடுக்கிறார்களா? மெலிந்த பிள்ளையை ஆசான் எவ்விதம் நடத்துகிறார்? தோற்றவனுக்கு வென்றவன் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறானா? பட்டை தகுதிக்குக் கிடைக்கிறதா, கட்டணத்துக்கா? வீடு திரும்பும் வழியில், “இன்று யாரை அடித்தாய்?” என்று கேட்காதீர்கள், “இன்று யாருக்கு உதவினாய்?” என்று கேளுங்கள். அடிபட்ட பிள்ளை அடிக்கிற பிள்ளையாக மாறுவது எளிது. அவன் தாங்குகிற மனிதனாக வளருவதற்கு ஓர் ஆசானும், அவ்விதம் கேட்கத் தெரிந்த ஒரு வீடும் வேண்டும்.