இரவெல்லாம் 32 ஆம்பியர்

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே தயாராகும் விஎஃப் 6 காரின் பேட்டரி 59.6 யூனிட் பிடிக்கும். பக்கத்துத் திருநெல்வேலிக்காரர் அதை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினால், அத்தனை யூனிட்டும் வீட்டு ஒயர் வழியாகத்தான் ஏற வேண்டும்.

16 ஆம்பியர் பவர் பிளக்கில் 3.3 கிலோவாட் கிடைக்கும். பேட்டரி நிரம்பப் பதினெட்டு மணி நேரம். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜரான வால்பாக்ஸ் என்றால் எட்டேகால் மணி நேரம். ஆனால் அது இழுப்பது 31, 32 ஆம்பியர்.

கீசரும் நிறையத்தான் இழுக்கிறது. கால் மணி நேரத்தில் அணைந்துவிடுவதால் ஒயருக்கு முழுச்சூடு ஏறுவதில்லை. கார் விடியவிடிய இழுக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் லோடுக்குக் கால்பங்கு கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அமெரிக்க மின்விதி. 32-க்கு 40. நம்மூரிலும் இதற்கு மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் எம்.சி.பி. 40 ஆம்பியரிலும், செம்பு ஒயர் 6 ஸ்கொயரிலும் (சதுர மில்லிமீட்டர்) போடுவதுதான் வழக்கம்.

ஏன் 6? ஆம்பியர் இரட்டித்தால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும். மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 25 மீட்டர் என்று வைப்போம். பவர் பிளக்குக்குப் போட்ட 2.5 ஸ்கொயர் ஒயரில் 32 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீணாவது சுமார் 380 வாட். ஐந்து பழைய குண்டு பல்புகளைச் சுவருக்குள் வைத்துப் பூசியது போல. 6 ஸ்கொயரில் இது 160 வாட்தான். பாளையங்கோட்டை வெயில் 100 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் சுவரே கொதிக்கிறது, ஒயர் சூட்டை எங்கே இறக்கும்?

முதலில் கருகுவது பெரும்பாலும் ஒயர்கூட அல்ல, பிளக்கின் உள்ளே திருகு தளர்ந்த முனை.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று 20-ஐக் கழற்றி 40 மாட்டுவது ஆபத்து. எம்.சி.பி. காப்பது ஒயரை, காரை அல்ல. ஆளைக் காக்க, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் வேண்டும். காரிலிருந்து கசியும் டி.சி. சாதாரண ஆர்.சி.சி.பி.யைச் செயலிழக்கச் செய்யலாம், டி.சி. கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜரிலேயே உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

உண்மையில் பலருக்கு வால்பாக்ஸே தேவையில்லை. தினமும் தென்காசி போய்த் திரும்பினாலும் 110 கிலோமீட்டர், 17, 18 யூனிட். தனியாக இழுத்த 4 ஸ்கொயர் ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., தரமான 16 ஆம்பியர் பிளக் இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். அதற்குமேல் வேண்டுமென்பவர், ஏ.சி.யும் மோட்டாரும் சேர்ந்தால் சர்வீஸ் தாங்குமா என்று பார்த்து, மின்வாரியத்தில் லோடைக் கூட்டவோ மூன்று பேஸுக்கு மாற்றவோ மனு கொடுத்துவிட்டுத்தான் வால்பாக்ஸ் வாங்க வேண்டும்.