மூன்று மில்லி விநாடி மௌனம்

மேசைமேல் ஒரு மவுஸ் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. பார்வைக்கு அது சும்மா இருக்கிறது. ஆனால் அதன் யு.எஸ்.பி. கம்பிக்குள் ஓயாத விசாரணை. ‘ஏதாவது உண்டா?’ என்று கணினி கேட்கிறது, ‘இல்லை’ என்கிறது மவுஸ். யு.எஸ்.பி. 2 முறையில் சாதனம் தானாகத் தகவல் அனுப்ப முடியாது, கேட்டால்தான் சொல்லலாம். சாதாரண மவுஸிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் விநாடிக்கு 125 முறை போகிறது. நீங்கள் ஒரு மணி நேரம் எழுந்து போய்விட்டால், நாலரை லட்சம் முறை ‘இல்லை’.

இந்த ஓயாத விசாரணையின் செலவு மவுஸோடு முடிவதில்லை. பழைய மடிக்கணினிகளில், அடுத்து எந்தச் சாதனத்தைக் கேட்பது என்ற பட்டியலை யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு மில்லி விநாடியும், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை, நினைவகத்திலிருந்து படித்துக்கொண்டே இருக்கும். நினைவகத்தை இப்படி ஒருவர் தொட்டுக்கொண்டிருக்கும்வரை செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாது. யாரும் பயன்படுத்தாத கைரேகைக் கருவி ஒன்று போதும், பேட்டரி கரைய. கணினி முழுதும் விழித்திருக்கும்போதே வேலையற்ற புறச்சாதனங்களை மட்டும் தனித்தனியாக உறங்க வைக்க இயங்குதளங்கள் கற்றுக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எப்படி உறங்க வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ‘தூங்கு’ என்ற கட்டளை சாதனத்துக்குப் போவதே இல்லை. வழக்கமாக, சொல்ல எதுவுமில்லாத போதும் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் கம்பியில் ஒரு சிறு துடிப்பு வந்துகொண்டிருக்கும். உறங்க வைக்க வேண்டுமானால் அந்தச் சாதனம் செருகியிருக்கும் துளையில் மட்டும் துடிப்பை நிறுத்திவிடுகிறார்கள். 3 மில்லி விநாடி மௌனம் நீடித்தால் சாதனம் தானே புரிந்துகொள்ள வேண்டும். மௌனம் தொடங்கி 10 மில்லி விநாடிக்குள் அது தன் மின்சாரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். விழித்திருக்கும்போது 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்க அனுமதி, உறக்கத்தில் 2.5தான். இருநூறில் ஒரு பங்கு.

அவசரப்பட்டு உறங்க வைப்பதும் நஷ்டம். எழுப்புவதற்கும் நேரம் பிடிக்குமே. அதனால் லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சாதனத்தைப் பயன்படுத்தத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் எண் ஒன்று கூடும், முடித்ததும் குறையும். பூஜ்யத்தைத் தொட்டபின் சற்றுப் பொறுத்துப் பார்க்கும்: யு.எஸ்.பி. சாதனங்களுக்கு இயல்பாக 2 விநாடி. அதற்குள் யாரும் வரவில்லையென்றால்தான் மௌனம்.

இதற்கு ஒரு வரிசையும் உண்டு. சாதனங்கள், ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாகவும், ஹப் கட்டுப்பாட்டுச் சில்லு வழியாகவும் இணைந்து மரம்போல் கிளைத்திருக்கின்றன. நுனியில் இருப்பவை எல்லாம் உறங்கிய பிறகே ஹப் உறங்கலாம். அதன் பிறகே சில்லு. எழும்போது நேர்மாறு. ஒரு நுனி விழித்திருந்தாலும் அதிலிருந்து வேர்வரை உள்ள பாதை முழுவதும் விழித்திருக்க வேண்டும்.

சரி, உறங்கும் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். கணினியோ கேட்பதை நிறுத்திவிட்டது. இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காக மட்டும் சாதனம் முந்திக்கொண்டு குரல் கொடுக்க விதி இடம் தருகிறது: இதைத் தொலை எழுப்பல் என்று சொல்லலாம். கீபோர்டு கம்பியின் மின்நிலையை மாற்றி 1 முதல் 15 மில்லி விநாடி பிடித்து வைக்கிறது. ஹப் அதைக் கவனித்து மேலே கடத்துகிறது. பிறகு கணினிப் பக்கம் அதே சமிக்ஞையைக் குறைந்தது 20 மில்லி விநாடி தொடர்கிறது. சாதனம் சுதாரிக்க இன்னும் 10. அதற்குப் பிறகுதான் பழைய விசாரணை தொடங்கி, நீங்கள் தட்டிய எழுத்து மேலே போகிறது. எல்லாம் சேர்ந்தும் ஒரு கண்சிமிட்டலுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த இடைவெளியில் எழுத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது கீபோர்டின் பொறுப்பு. சில கீபோர்டுகள் முதல் எழுத்தை விழுங்கிவிடுவது இந்த இடத்தில்தான்.

எழுப்பும் உரிமை தானாகவும் கிடைத்துவிடாது. உறங்கப் போகும்முன் இயங்குதளம் அதை வெளிப்படையாக வழங்கியிருக்க வேண்டும். வழங்காவிட்டால் எத்தனை முறை தட்டினாலும் கீபோர்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பையில் வைத்த மடிக்கணினி ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி விழித்துக்கொள்ளாமல் தடுக்க இப்படி ஓர் அனுமதி தேவைதானே!

விதிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் கடையில் கிடைக்கும் எல்லாச் சாதனங்களும் அவற்றை மதிப்பதில்லை. சில, உறங்கினால் எழுவதே இல்லை. சில, எழுந்ததும் தங்கள் அமைப்புகளை எல்லாம் மறந்து நிற்கின்றன. அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் எச்சரிக்கையாக இருக்கிறது: ஹப்களைத்தான் அது இயல்பாகவே தானியங்கி உறக்கத்துக்கு விடுகிறது, மற்றவற்றுக்குப் பயனரோ வேறு நிரலோ அனுமதிக்க வேண்டும். முரண்டு பிடிப்பவற்றைத் தயாரிப்பாளர் எண், பொருள் எண்ணோடு குறித்துவைத்து, எதை எப்படிக் கையாள்வது என்ற பட்டியல் ஒன்றும் கருநிரலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்த உழைப்பு இருக்கிறது. எனக்கு அந்தப் பட்டியல்மேல் தனி மரியாதை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஒரு சாதனத்தின் பண்புகளுக்குப் போனால், பலவற்றில் மின்சார மேலாண்மைக்கென ஒரு பக்கம் இருக்கும். மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாமா, இது கணினியை எழுப்பலாமா என்று இரண்டு கட்டங்கள். முதலாவது மௌனத்துக்கான சம்மதம். இரண்டாவது குரல் கொடுக்கும் உரிமை. அந்த உரிமையைக் கொடுத்த பிறகும் சில ஒளியியல் மவுஸ்கள் நகர்த்தினால் எழுவதில்லை, பொத்தானைச் சொடுக்கினால்தான் எழுகின்றன. காரணம் எளிது. நகர்வை உணர, மவுஸ் தன் அடியில் விளக்கை எரித்து மேசைப்பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுக்க வேண்டும். 2.5 மில்லி ஆம்பியரில் அது கடினம் என்பதால் உறக்கத்தில் விளக்கையே அணைத்துவிடுகின்றன. பொத்தானுக்கு வெளிச்சம் வேண்டாம், இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொண்டால் போதும்.