மினுங்கும் மைனரும் ஒரு சிறு காந்தமும்

பழைய கார் விற்கும் பிரிட்டிஷ் விளம்பரங்களில் மோரிஸ் மைனரை அடிக்கடி பார்க்கலாம். இளம்பச்சையிலோ கிரீம் நிறத்திலோ முகம் பார்க்கலாம்போல மின்னும் உடம்பு, குரோமியம் பூசிய பம்பர், சிவப்பு இருக்கைகள், பக்கத்தில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. இருபது படம் போட்டிருந்தாலும் காருக்கு அடியில் படுத்து எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. விலையைத் தீர்மானிக்க வேண்டிய படமோ அதுதான்.

ஏன் என்று தெரிய இந்தக் காரின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிவதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கவுலியில் இருந்த மோரிஸ் தொழிற்சாலையில், அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளர் இதை வரையத் தொடங்கிவிட்டார். அப்போது இதற்குப் பெயர் ‘மஸ்கிட்டோ’, அதாவது கொசு. இஸிகோனிஸ் 1906-ல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். பின்னாளில் மினி காரையும் வடிவமைத்தவர். முன்மாதிரி தயாரானதும், பார்க்க ஒடிசலாக இருக்கிறதே என்று அவருக்கு உறுத்தியது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நடுவில் 4 அங்குலம் வந்ததும் போதும் என்றார். மைனரின் பானெட் நடுவே ஓடும் அகலப் பட்டை அந்த அறுவையின் தழும்புதான். தொடக்கக் காலக் கார்களில் பம்பரிலும் இதே ஒட்டைப் பார்க்கலாம்; பழைய அகலத்துக்கே அவற்றைச் செய்து வைத்திருந்தார்கள்.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. வரியோடு சேர்த்து விலை ஏறக்குறைய 358 பவுண்டு. நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு இதன் தோற்றம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்து வெந்நீரில் ஊற்றி வேகவைக்கும் முட்டையைப்போல இருக்கிறது என்று பழித்ததாகச் சொல்வார்கள். அவர் பழித்த கார் 1960 டிசம்பரில் பத்து லட்சத்தைத் தொட்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தியபோது மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. (தமிழில் மைனர் என்றால் செயினும் சென்ட்டுமாகத் திரியும் பணக்கார வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்து மைனர் நேர்மாறு: பள்ளி ஆசிரியரும், ஊர் தாதியும், மாவட்டத்தைச் சுற்றும் தபால்துறையும் ஓட்டிய சாதுவான வண்டி. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் சில ஆண்டுகள் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது. நம் அம்பாசிடருக்கு மூலம் இதன் அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு.)

நஃபீல்ட் உவமைக்கு எடுத்துக்கொண்டது ஓடில்லாத முட்டை. அந்தக் காரின் பலம் முழுவதும் ஓட்டில்தான் இருந்தது.

லாரியைப் பாருங்கள். கீழே ஏணிபோல ஒரு கனத்த சேஸிஸ்; அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்திருப்பார்கள். பெட்டி துருப்பிடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு வைக்கலாம். அந்தக் காலத்துக் கார்களில் பலவும் அப்படித்தான். மைனரில் தனி சேஸிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் வாசற்படி, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அச்சடித்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஒரே கூடு. முன்பக்கம் இஞ்சினைத் தாங்கும் இரண்டு நீளக் கால்கள் உண்டு. அவையும் கூட்டோடு பற்றவைத்தவையே. எடை குறைவு, விலை குறைவு. ஆனால் இங்கே துரு தோல் நோய் அல்ல, எலும்பு நோய்.

கதவுக்குக் கீழிருக்கும் அந்த வாசற்படியை அங்குள்ள மெக்கானிக்குகள் ‘சில்’ என்பார்கள். பார்க்க ஒரு மடிப்புத் தகடு போலத்தான் இருக்கும். உள்ளே மூடிய நீளப் பெட்டி. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது காரின் உடம்பு முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோன்ற அந்த முறுக்கை எதிர்த்து நிற்பதில் சில்லுக்குப் பெரிய பங்கு. மூடிய பெட்டிக்கும் பிளந்த பெட்டிக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி விளிம்பை நெடுக ஒட்டுங்கள். காய்ந்ததும் இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது, இன்னும் அழுத்தினால் கசங்கும். அதே அளவில் இன்னொரு தாளை ஒட்டாமல் சுருட்டி முறுக்கினால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். குழாய் எதிர்ப்பே காட்டாது.

எண்ணில் சொன்னால் இன்னும் திகைப்பு. மெல்லிய உருளைக் குழாய் ஒன்று. ஆரம் 30 மி.மீ., தகட்டின் கனம் 1 மி.மீ. அதன் நீளம் முழுவதும் ஒரு கீறல் விழுந்தால் முறுக்கை எதிர்க்கும் திறன் 2,700-ல் ஒரு பங்காகிவிடும். இரும்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இணைப்பு மட்டும் போயிற்று. சில்லின் மூட்டு நெடுக அரித்துப்போன மைனரில் நடப்பது இதுதான். கூரை இருக்கும்வரை அது கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றிய மைனர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

அரிப்பு ஏன் மூட்டையே தேடிப் போகிறது? துருவுக்குக் காற்றும் நீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் வெளித்தகடுதானே முதலில் போக வேண்டும்? 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் பளிச்சென்று தேய்த்த இரும்பின்மேல் ஒரு சொட்டு உப்புநீர் வைத்துப் பார்த்தார். சொட்டின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எளிதில் கரைந்து இரும்பைத் தொடும். நடுப்பகுதிக்கு அது குறைவாகவே எட்டும். இரும்பு கரைந்தது நடுவில். ஆக்ஸிஜன் நிறைந்த ஓரம் பிழைத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிந்தது.

அந்தச் சொட்டு ஒரு குட்டி பேட்டரி. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே ஓடி, ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் செலவாகின்றன. உப்பு அந்த மின்சுற்றை எளிதாக்குகிறது. அதாவது ஆக்ஸிஜன் ஓரிடத்தில் இருந்துகொண்டு இன்னோரிடத்தைத் தின்கிறது.

இப்போது சில்லுக்குத் திரும்புவோம். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று. நடுவே தலைமுடி அளவு இடுக்கு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் அந்த இடுக்குக்குள் ஏறிவிடும், லேசில் இறங்காது. உள்ளே காற்றோட்டம் இல்லை. எவன்ஸின் சொட்டின் நடுப்பகுதி அங்கேயே குடியிருக்கிறது. இங்கிலாந்தில் குளிர்காலத்துக்கென்று கூடுதலாக ஒரு தொல்லை: சாலையில் பனி உறையாமலிருக்கப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபர்ட் சுரங்கத்திலிருந்து மட்டுமே மலைமலையாக வருகிறது. சக்கரம் வாரியடிக்கும் அந்த உப்புச் சேறு முன்சக்கர வளைவுக்குள்ளும், சில்லின் முனையிலும், பின்பக்க வில்பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்திலும் போய் அப்பிக்கொள்ளும். துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால் மூட்டை உள்ளிருந்தே நெம்பி விரித்து, அடுத்த ஈரத்துக்கும் வழி செய்து கொடுக்கும். வெளியே பெயிண்டில் மிளகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே பல ஆண்டு வேலை முடிந்திருக்கும்.

புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள் இரண்டு தொழில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத்தகட்டை முறைப்படி பற்றவைத்து, உட்குழிக்குள் மெழுகை இளக்கிப் பீய்ச்சுவது. மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொன்றை நம் டிங்கரிங் பட்டறைப் பாஷையில் சொன்னால் ஒரே வார்த்தை: பட்டி. ஓட்டைமேல் வலையோ தகட்டுத் துண்டோ வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது. பழுதான சில்லை வெட்டாமலே அதன்மேல் புதுத்தகட்டை மூடிபோலப் பொருத்துவோரும் உண்டு. நான் இதைப் பட்டியைவிட மோசம் என்பேன். பட்டி வெறும் பொய். இந்த மூடியோ ஈரம் தங்க இன்னொரு இடுக்கையும் கட்டிக்கொடுக்கிறது. பெயிண்ட் அடித்த அன்று இரண்டு வேலைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

காந்தத்துக்குத் தெரியும். தொழிற்சாலைப் பெயிண்டின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ.; சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்தால் ‘டக்’கென்று பிடிக்கும். பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பிடி தளரும், கையிலேயே உணரலாம். காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக் கூட மிக விரைவாகக் குறைவதுதான் காரணம். இதே தத்துவத்தைக் கருவியாக்கி மைக்ரான் கணக்கில் பூச்சின் கனத்தைக் காட்டும் மீட்டர்களும் உண்டு. காந்தத்துக்கும் ஒரு கண் குருடு: மூடி போட்ட சில்லில் அது நன்றாகவே ஒட்டும். அங்கே புதுத்தகடும் இரும்புதானே.

காகித சாட்சியும் உதவும். 40 வயது கடந்த கார்களுக்கு, பெரிய மாற்றங்கள் செய்யாதிருந்தால், 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய பரிசோதனை முடிவுகளைப் பதிவெண்ணை வைத்து இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்த ஆண்டில் எந்த மூலையில் அரிப்பு என்று எழுதினார்கள், அடுத்த ஆண்டு அது எப்படி மறைந்தது என்று படிப்பது துப்பறியும் கதைபோல இருக்கும்.

இஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1956-க்குப் பிந்தைய மைனர் 1000-ல் முதலில் 948 சி.சி., 1962 முதல் 1098 சி.சி.; இரண்டுமே எளிய, உழைக்கும் இஞ்சின்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை என்பதால் வால்வு உட்காரும் இடத்தில் கடினப்படுத்திய வளையம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈயம் அங்கே படிந்து, சூட்டில் இரும்பும் இரும்பும் ஒட்டித் தேயாமல் காத்தது. 2000 தொடக்கத்தில் அந்தப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. 2021 முதல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே சாதாரணமாகிவிட்டதால் ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். அப்புறம் முன்சக்கரத்தின் கீழ்மூட்டு. திருகுபோல மரை வெட்டிய அந்த மூட்டுக்கு ஒழுங்காக கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மைனர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற கவலையும் வேண்டாம். பாத் நகரில் மைனர்களுக்கென்றே பட்டறை நடத்திய சார்லஸ் வேர், நன்றாகப் பராமரித்தால் பழைய கார் புதுக்காரைவிடச் சிக்கனம் என்று புத்தகமே எழுதினார். மைனர்கள் பல பத்தாண்டுகள் அன்றாடம் ஓடிய இலங்கையில் பாகம் செய்யும் கைகளும் இருந்தன. அங்கே அடித்த தகடுகள் இங்கிலாந்து மைனர்களில் ஏறின.

எல்லாத் தகட்டையும் மாற்றினால் அது பழைய மைனர்தானா? இந்தக் கேள்விக்கு பிரிட்டிஷ் வாகனப் பதிவுத்துறை பல ஆண்டுகள் மதிப்பெண் போட்டே பதில் சொல்லி வந்தது. அசல் கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இஞ்சினுக்கு 1. மொத்தம் 8 இருந்தால்தான் பழைய பதிவெண். ஆரவாரமாகச் சத்தம் போடும் இஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. வாய் பேசாத தகட்டுக்கு ஐந்து.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேரில் போகிறவர் கடைசியாக ஒன்று செய்யலாம். ஓட்டுநர் பக்கக் கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஜாக்கி மாட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விடும்வரை தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கி தகட்டுக்குள் நறநறவென்று புதைந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். புதையாவிட்டால் கதவைத் திறந்து, மெதுவாக மூடிப் பாருங்கள். இடைவெளி மாறாமல், எங்கும் இடிக்காமல் ‘க்ளிக்’கென்று மூடினால் விலை பேச ஆரம்பிக்கலாம்.