வீடு மாறிய வீடியோ கேம்!

சிவப்புத் தொப்பியும் மீசையுமாகக் குதித்துக் குதித்து ஓடும் மரியோவை உங்களுக்குத் தெரியும்தானே? சோனி நிறுவனத்தின் பிளே ஸ்டேஷனில் அவரைத் தேடிப் பாருங்கள்... கிடைக்கவே மாட்டார். மரியோ, நிண்டெண்டோ நிறுவனத்தின் சொந்தப் பிள்ளை. தன் வீட்டுப் பிள்ளையை எதிர்க் கடைக்கு யாராவது வேலைக்கு அனுப்புவார்களா?

இது சுலபமாகப் புரிகிறது. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் வளர்ந்த விளையாட்டு, திடீரென்று அடுத்த வீட்டுக்குக் குடிபோனால்? ஜப்பானில் அப்படி ஒன்று நடந்தது.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987ல் தொடங்கிய விளையாட்டு, 'பைனல் பேன்டசி'. முதல் 6 பாகங்களும் நிண்டெண்டோ கருவிகளில்தான் முதலில் வெளியாயின. 'நிண்டெண்டோ 64' என்ற புதுக் கருவி வரப்போகிறது என்றதும், 7ம் பாகம் அதில்தான் என்று ரசிகர்கள் காத்திருந்தனர். 1996ல் வந்ததோ வேறு அறிவிப்பு. 7ம் பாகம், பிளே ஸ்டேஷனில்!

சண்டையா? இல்லை, இடப் பற்றாக்குறை!

நிண்டெண்டோ 64, கேட்ரிட்ஜில் ஓடும் கருவி. டிவி கேமில் செருகுவோமே, 'கேசட்' என்று நாம் சொல்லும் அதே பிளாஸ்டிக் பெட்டிதான். பிளே ஸ்டேஷனுக்கோ சிடி. ஒரு சிடியில் சுமார் 650 மெகாபைட் அடங்கும். 'சூப்பர் மரியோ 64' விளையாட்டு இருந்த கேட்ரிட்ஜின் அளவு, வெறும் 8 மெகாபைட்! பிற்பாடு வந்த மிகப் பெரிய கேட்ரிட்ஜில்கூட 64 மெகாபைட்தான். ஒரு சிடிக்கு எத்தனை கேட்ரிட்ஜ் வேண்டும்? நீங்களே வகுத்துப் பாருங்கள்.

7ம் பாகத்தில் சினிமா போல வீடியோக் காட்சிகள் வைக்க ஆசைப்பட்டது ஸ்கொயர். 1997 ஜனவரியில் அது வெளியானபோது 3 சிடிகளில் வந்தது. அடேயப்பா! பாதியை வெட்டி எறியாமல் அதைக் கேட்ரிட்ஜில் அடைத்திருக்க முடியுமா?

அப்படியானால் நிண்டெண்டோவுக்குச் சிடி பற்றித் தெரியாதா? நன்றாகவே தெரியும். சிடியில் ஓடும் கருவி ஒன்றுக்காகச் சோனியுடன் கைகோத்திருந்ததே நிண்டெண்டோதான்! 1991ல் அமெரிக்காவில் நடந்த கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே, 'எங்கள் கூட்டாளி பிலிப்ஸ்' என்று அறிவித்தது நிண்டெண்டோ. சோனிக்கு எப்படி இருந்திருக்கும்? தனியாகவே கருவி செய்து, 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அதுதான் பிளே ஸ்டேஷன்.

கேட்ரிட்ஜையும் குறை சொல்லிவிட முடியாது. செருகியதும் விளையாட்டு தொடங்கிவிடும். சிடியில் 'லோடிங்' என்று காத்திருக்க வேண்டும். கேட்ரிட்ஜில் கீறல் பயம் இல்லை, திருட்டு நகல் எடுப்பதும் கஷ்டம். ஆனால், செய்யச் செலவு அதிகம். விற்காமல் தேங்கினால் விளையாட்டு நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம். சிடியோ மலிவு. கையைச் சுடாத வழியைத்தானே யாரும் தேர்ந்தெடுப்பார்கள்?

ஜப்பானில் புகழ்பெற்ற 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் 7ம் பாகமும் பிளே ஸ்டேஷனுக்கே போனது. கடைசியில் பிளே ஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 30 லட்சம்.

முயன்றவர்களும் உண்டு. 2 சிடிகளில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டை, வீடியோக்களோடு சேர்த்துச் சுருக்கி, 1999ல் ஒரே கேட்ரிட்ஜில் அடைத்துக் காட்டினார்கள். அசகாய வேலை! ஸ்கொயர் மட்டும் நிண்டெண்டோ 64க்காக ஒரு விளையாட்டைக்கூட வெளியிடவில்லை.

பிறகு இரு நிறுவனங்களும் ராசியாகிவிட்டன. பைனல் பேன்டசி 7, 2019 மார்ச்சில் நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச்' கருவிக்கு வந்து சேர்ந்தது. 22 ஆண்டு தாமதம்! அன்று காத்திருந்த சிறுவர்கள் அதற்குள் மாமா, சித்தப்பா ஆகியிருந்தார்கள். சிடியும் வேண்டாம், கேட்ரிட்ஜும் வேண்டாம்; இணையத்தில் இருந்தே இறக்கிக்கொண்டார்கள்.